‘லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்’ தொடரில் ஃபாகி ஏன் காணாமல் போனார்?

கேள்வி: இந்தப் பழைய பிபிசி காமெடித் தொடரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எபிசோடுகள் பார்த்தேன். ஊர் சுற்றும் மூன்று பெரியவர்களில் உயரமாக, மிலிட்டரிக்காரர் தோரணையில் பேசும் ஃபாகிதான் தலைவர் மாதிரி இருந்தார். திடீரென்று அவர் இல்லை, வேறொருவர் வருகிறார். பிறகு ஃபாகியே திரும்புகிறார், மறுபடி காணோம். நடிகருக்கு என்ன ஆயிற்று? முக்கியமான ஆளே போனபின் தொடர் எப்படி இத்தனை வருடம் ஓடியது?

பதில்:

ஃபாகியாக நடித்த ப்ரையன் வைல்ட் இந்தத் தொடரை இரண்டு தடவை விட்டுப் போனார். 1985இல் போனது அவர் முடிவு. 1997இல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. நடுவில் 1990இல் திரும்பி வந்து ஏழு ஆண்டு நடித்தார். வரிசை மாறிப் பார்த்தால் ஒரே ஆள் வந்து வந்து மறைவது போலத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். “முக்கியமான ஆளே போனபின்” என்கிறீர்களே, வைல்ட் வந்ததே இன்னொரு முக்கியமான ஆள் போன இடத்துக்கு. அவருக்கு முன்னால் அந்த மூன்றாவது இடத்தில் இருந்தவர் மைக்கேல் பேட்ஸ். பெரும்பாலோர் ஃபாகி காலத்திலிருந்தே தொடரைப் பார்த்திருப்பதால் பேட்ஸை யாரும் நினைப்பதில்லை. அவர் கதையைச் சொல்லாமல் வைல்ட் கதை புரியாது.

1973 ஜனவரி 4ஆம் தேதி பிபிசியின் ‘காமெடி ப்ளேஹவுஸ்’ வரிசையில் ஒரு தனி எபிசோடாக இது வந்தது. அந்த வரிசையே ஒரு வெள்ளோட்டம். நன்றாகப் போனால் தொடராக்குவார்கள். இது நவம்பரில் தொடரானது. 2010 ஆகஸ்ட் 29 வரை ஓடியது. 31 சீசன், 295 எபிசோடு. அத்தனையையும் எழுதியவர் ராய் கிளார்க் என்ற ஒரே ஆள். முன்னாள் ஆசிரியர், முன்னாள் போலீஸ்காரர். அமெரிக்காவில் ஒரு காமெடித் தொடரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் எழுதுவார்கள். இங்கே ஒரு மனிதர் 37 ஆண்டு தனியாக எழுதியிருக்கிறார். நடிகர்கள் போனபோதெல்லாம் தொடர் தப்பியதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். முகம் மாறியதே தவிர, பேச்சின் ருசி மாறவில்லை.

கிளார்க்குக்கு இது உடனே பிடிபட்ட கதையும் இல்லை. மூன்று வயதான ஆண்களை வைத்து ஏதாவது எழுதுங்கள் என்று பிபிசி கேட்டபோது முதலில் ஒன்றும் ஓடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மனைவி, வேலை, பொறுப்பு எதுவும் இல்லாத ஆட்களாக அவர்களை வைத்தால் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி ஆகிவிடுவார்கள் என்று தோன்றியதும் வழி திறந்தது. அறுபது வயதுப் பையன்கள். மேற்கு யார்க்‌ஷயரில் மலைச்சரிவில் ஒட்டிக்கிடக்கும் ஹோம்ஃபர்த் என்ற ஊரில் படம் பிடித்தார்கள். மழை, கல் வீடுகள், ஏற்ற இறக்கமான தெருக்கள், மேலே ஏறினால் ஆளில்லாத மேட்டுநிலம். சிறுவர்கள் சுற்றித் திரிய வேறென்ன வேண்டும்?

மூவரையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். நார்மன் கிளெக் (பீட்டர் சாலிஸ்) மனைவியை இழந்தவர். முன்பு தரைவிரிப்பு விற்றவர். பயந்த சுபாவம், ஆனால் வாயைத் திறந்தால் தத்துவம். காம்ப்போ சிமோனைட் (பில் ஓவன்) கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருப்பார், காலில் ரப்பர் பூட்ஸ், அழுக்கு, வேலைவெட்டி கிடையாது. பக்கத்து வீட்டு நோரா பேட்டியின் மேல் அடங்காத மோகம். நோரா துடைப்பத்தோடு துரத்தினாலும் அந்தச் சுருங்கித் தொங்கும் காலுறைகளைப் பார்த்தே கிறங்குவார். மூன்றாமவர் சிரில் ப்ளாமைர் (மைக்கேல் பேட்ஸ்). சட்டை மடிப்புக் கலையாதவர், ராணியின் பக்தர், மற்ற இருவரையும் ஒழுங்குபடுத்தப் பிறந்ததாக நினைப்பவர்.

இந்த மூன்றாமவரின் வேலை என்ன என்பதைக் கவனியுங்கள். அவர் தன்னைத் தலைவராக நினைத்துக்கொள்கிறார். மற்ற இருவரும் அவரைத் தலைவராக ஒத்துக்கொண்டதே இல்லை. ஆனால் வேறு வேலை இல்லாததால் பின்னாலேயே போகிறார்கள். அவர் ஏதாவது சொல்வார், காம்ப்போ காலை வாரிவிடுவார், கிளெக் ஓரமாக நின்று ஒரு வரி சொல்வார். முழுத் தொடரும் ஓடுவது இந்த மூன்று அசைவில்தான்.

திரைக்கு வெளியேயும் அந்த உரசல் இருந்தது என்பார்கள். பில் ஓவன் தீவிர இடதுசாரி, பேட்ஸ் பழமைவாதக் கட்சி ஆதரவாளர். ஆரம்பத்திலேயே இருவரும் அரசியல் பேசி முட்டிக்கொண்டதில், தயாரிப்பாளர் ஜேம்ஸ் கில்பர்ட் தொடர் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று பயந்துபோனாராம். எனக்கு என்னவோ காம்ப்போவும் ப்ளாமைரும் சண்டையிடும் காட்சிகளில் அந்தக் காரம் தெரிகிறது. அவை எழுதி வாசிக்கப்பட்ட சண்டைகள் போலவே இருக்காது.

பேட்ஸ் 1920இல் ஜான்சியில் பிறந்தவர், உருது நன்றாகப் பேசுவார். இரண்டாம் உலகப் போரில் கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரியாகப் பர்மாவில் இருந்தவர். இதே காலத்தில் ‘இட் ஐன்ட் ஹாஃப் ஹாட் மம்’ என்ற இன்னொரு பிபிசி தொடரில் முகத்தில் கருமை பூசிக்கொண்டு ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளாக நடித்தார். பிபிசி இன்று அதை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 1976இல், மூன்றாவது சீசனுக்கு முன்னால் அவருக்குப் புற்றுநோய். ‘சம்மர் வைனை’ விட்டார், ரங்கி ராம் வேடத்தை மட்டும் தொடர்ந்தார். யார்க்‌ஷயர் மேட்டில் காற்றிலும் மழையிலும் நாள்கணக்காக நிற்பதை அந்த உடம்பு தாங்கியிருக்காது. 1978 ஜனவரியில் இறந்தார்.

கிளார்க் அவசர அவசரமாக எழுத்தை மாற்றினார். மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு ‘த மேன் ஃப்ரம் ஆஸ்வெஸ்ட்ரி’. ப்ளாமைர் கல்யாணம் செய்துகொள்ளப் போய்விட்டார் என்று ஒரு கடிதம். கூடவே, நம் பழைய பள்ளித் தோழன் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிபாரிசு. அந்தத் தோழன்தான் வால்ட்டர் ட்யூஹர்ஸ்ட் என்கிற ஃபாகி. அழுகை கிடையாது, விடைபெறும் காட்சி கிடையாது. ஒரு கடிதத்தில் ஒருவர் போய் இன்னொருவர் வந்துவிட்டார். இதில் சின்ன வேடிக்கை ஒன்று உண்டு. பில் ஓவன் 1914இல் பிறந்தவர், வைல்ட் 1927இல். பதின்மூன்று வயது இளையவரைப் பள்ளித் தோழன் என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரும் கேட்கவில்லை. வைல்டின் முகவாகு அப்படி.

ப்ளாமைர் கறார் பேர்வழி. ஃபாகி உதார் பேர்வழி. தான் பயிற்சி பெற்ற கொலையாளி என்பார், ராணுவ அனுபவத்தை அள்ளிவிடுவார், மூக்கை உயர்த்திக்கொண்டு விறைப்பாக நடப்பார். உண்மையில் படையில் அவர் பார்த்த வேலை பெயர்ப்பலகை எழுதுவது. பதவி கார்ப்போரல். உண்மையாகவே போரில் இருந்த ஒரு நடிகரின் இடத்துக்கு, போர் வீரன் என்று கதை விடும் ஒரு பாத்திரம் வந்தது! கிளார்க் திட்டமிட்டுச் செய்தாரா தெரியாது, ஆனால் தொடருக்கு இது அடித்த யோகம். கறார் ஆசாமியைக் கிண்டல் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. உதார் ஆசாமியை ஆயுசுக்கும் கிண்டல் செய்யலாம்.

வைல்டை அப்போதே பிரிட்டன் முழுக்கத் தெரியும். ‘பாரிட்ஜ்’ என்ற சிறைக் காமெடியில் பாரோக்ளோ என்ற வார்டராக நடித்துக்கொண்டிருந்தார். கைதிகளிடம் கடுமையாக இருக்கத் தெரியாத, எல்லோரையும் நம்பி ஏமாறும் அப்பாவி அதிகாரி. அந்த மென்மையான குரலை அப்படியே ஃபாகிக்குக் கொண்டுவந்தார், ஆனால் அதற்குள் ஒரு ஜம்பத்தை வைத்தார். சத்தம் போடாமல் ஜம்பம் அடிப்பது கடினமான வித்தை. ஒரு திட்டத்தை விளக்கும்போது லேசாகத் தாடையைத் தூக்கி, எதிரே ஒரு படைப்பிரிவே நிற்பது போல் தூரத்தைப் பார்ப்பார். நிற்பது காம்ப்போவும் கிளெக்கும். அந்தப் பார்வை ஒன்றுக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒன்பது ஆண்டு இப்படி ஓடியது. தொடர் உச்சத்துக்குப் போனதும் இந்தக் காலத்தில்தான். பிறகு ஏன் விலகினார்? பில் ஓவனோடு ஒத்துப்போகவில்லை என்றும், தயாரித்து இயக்கிய ஆலன் பெல்லோடு உரசல் என்றும் பல காலமாகப் பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். மூவர் சமமாக நடிக்கும் தொடரில் மூன்று பேருக்கும் தான்தான் மையம் என்று தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரணம் எளிது. அவர் தனக்கென ஒரு தொடர் வேண்டும் என்று நினைத்தார்.

அந்தத் தொடர் வந்தது. 1988இல் ‘வயட்ஸ் வாட்ச்டாக்ஸ்’. ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் தெருக் காவல் குழு அமைக்கிறார், வைல்ட்தான் அந்த மேஜர். ஆறு எபிசோடோடு நின்றுபோனது. விறைப்பு அதேதான், தோரணை அதேதான், ஆனால் ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்க ஒரு காம்ப்போ இல்லை, பக்கத்தில் நின்று பெருமூச்சு விட ஒரு கிளெக் இல்லை. உதார் பேர்வழியை நடுவில் உட்காரவைத்தால் அவர் வெறும் அதிகாரி ஆகிவிடுகிறார். ஃபாகியின் சிரிப்பில் பாதி, அவர் பேசி முடித்ததும் மற்ற இருவரின் முகத்தில் இருந்தது.

விட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம். ஃபாகி, கிழக்குக் கடற்கரையில் இருக்கும் பிரிட்லிங்டனுக்கு, குடும்பத்தின் அலங்கார முட்டை வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டதாகக் கதை. ஆமாம், முட்டைக்கு வர்ணம் பூசும் வியாபாரம். பெயர்ப்பலகை எழுதியவருக்குப் பொருத்தமான வேலைதான். 1986 புத்தாண்டு அன்று ஒளிபரப்பான ‘அங்கிள் ஆஃப் த ப்ரைட்’ என்ற நீண்ட எபிசோடில் புதிய மூன்றாமவர் வந்தார்: சீமோர் அட்டர்த்வெய்ட், நடிப்பு மைக்கேல் ஆல்ட்ரிஜ். முன்னாள் தலைமை ஆசிரியர், இந்நாள் கண்டுபிடிப்பாளர். எதைக் கண்டுபிடித்தாலும் வெடிக்கும், கவிழும் அல்லது குளத்தில் போய் விழும். சோதனைக்கு ஏற்றப்படுவது காம்ப்போ.

இந்தத் தடவை கிளார்க் மூன்றாமவரை மட்டும் மாற்றவில்லை. சீமோருக்கு ஒரு சகோதரியைக் கொடுத்தார், ஈடி. அந்த வேடத்துக்கு தோரா ஹர்ட் என்ற பெரிய நடிகை. ஈடியின் கணவர் வெஸ்லி எப்போதும் கராஜில் எண்ணெய்க் கறையோடு இருப்பார். அவர்கள் மகள் கிளெண்டா, மருமகன் பாரி. அந்த இருவரின் கல்யாணமே அந்த எபிசோடு. ஒரு ஆள் போன இடத்தில் ஒரு குடும்பமே குடிவந்துவிட்டது. பெண்கள் கூடி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ஆண்களைக் கிழித்துக் காயப்போடும் காட்சிகள் பிற்காலத்தில் தொடரின் அடையாளமே ஆயின. வைல்ட் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். யாராவது போனபிறகுதானே வீட்டில் சாமான்களை இடம் மாற்றிப் போடத் தோன்றும்?

சும்மா ஒரு உதாரணத்துக்கு, மூவரும் நடந்து வரும்போது வழியில் ஒரு கேட் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளாமைர் காலத்தில் நாடு எப்படிக் கெட்டுப்போயிற்று என்று ஐந்து நிமிடம் விவாதம் நடக்கும், பிறகு காம்ப்போ சும்மா ஏறிக் குதித்துப் போய்விடுவார். ஃபாகி என்றால் தாக்குதல் திட்டம் வரும், காம்ப்போ முன்னணிப் படை, கடைசியில் ஃபாகியின் கால்சட்டை கேட்டில் மாட்டும். சீமோர் என்றால் வெஸ்லியின் கராஜிலிருந்து ஒரு கவண் இயந்திரம் வரும். நான் கற்பனையாகச் சொல்கிறேன், ஆனால் தொடரைப் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள். இடம் அதேதான், அதில் உட்காரும் ஆளுக்கு ஏற்றபடி தொடரின் உடம்பே மாறிவிடுகிறது. முதல் ஆளிடம் அது நூலகத்தில் உட்கார்ந்து பேசும் கசப்பான காமெடி, இரண்டாவது ஆளிடம் வாய்ச்சவடால் காமெடி, மூன்றாவது ஆளிடம் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று மலையிலிருந்து உருண்டு வரும் காமெடி.

அதனால்தான் ‘வைல்ட் போனபிறகு தொடர் தப்பியது’ என்று சொல்வதில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். பெயர் தப்பியது. 1976இல் பார்த்த ஒருவர் 1988 எபிசோடைப் பார்த்தால் வேறு நிகழ்ச்சி என்றே நினைப்பார். சீமோர் காலத்தை ரசிகர்கள் மட்டமாகப் பேசுவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆல்ட்ரிஜின் கனிவான அசட்டுத்தனம் ஃபாகியைப் பிரதி எடுக்கவே இல்லை, அது பெரிய விஷயம்.

1990இல் ஆல்ட்ரிஜ் விலகினார். மனைவிக்கு உடல்நலம் சரியில்லை, கூட இருந்து கவனிக்க வேண்டியிருந்தது. சீமோர் ஒரு தனியார் பள்ளிக்குத் தற்காலிகத் தலைமை ஆசிரியராகப் போகிறார், அதே எபிசோடில் முட்டை வேலை அலுத்துப்போய் ஃபாகி திரும்பி வருகிறார். தலைப்பே ‘ரிட்டர்ன் ஆஃப் த வாரியர்’. நீங்கள் பார்த்து ஆச்சரியப்பட்டது இதைத்தான்.

திரும்பி வந்த ஃபாகியை உன்னிப்பாகப் பாருங்கள். மனிதர் அதேதான், ஆனால் அவர் வந்து சேர்ந்தது சீமோர் விட்டுப்போன வீட்டுக்கு. இயந்திரங்கள் இருக்கின்றன, வெஸ்லி இருக்கிறார், பெண்கள் சபை இருக்கிறது. முன்பு மூன்று பேரும் கல்சுவரில் சாய்ந்துகொண்டு பேசியே ஒரு எபிசோடை ஓட்டினார்கள். இப்போது ஃபாகியும் யாரையாவது சக்கரத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வைல்ட் குறை வைக்கவில்லை. ஆனால் இந்த ஏழு ஆண்டுகளை முதல் ஒன்பது ஆண்டுகளோடு நான் சேர்த்துப் பேச மாட்டேன்.

1997இல் அவருக்கு அக்கி வந்தது. படப்பிடிப்புத் தேதிகளைத் தள்ளிப்போட முடியவில்லை. ஆண்டுக் கடைசியில் வந்த ‘தேர் கோஸ் த க்ரூம்’ எபிசோடில் ஒரு தபால் அலுவலகப் பெண்மணி ஃபாகியை ப்ளாக்பூலுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று கதையை முடித்தார்கள். வைல்டின் முகம் அதில் கிடையாது. ப்ளாமைர் கடிதத்தில் போன மாதிரி ஃபாகியும் பேச்சுவாக்கில் போனார். அதன்பிறகு வைல்ட் திரும்பவில்லை, 2008 மார்ச்சில் காலமானார். அவருக்குப் பதில் வந்தவர் ஃப்ராங்க் தார்ன்டன், அப்போது வயது 76. ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’ தொடரின் கேப்டன் பீகாக் என்றால் பலருக்குத் தெரியும். இங்கே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ட்ரூலி. விவாகரத்தான மனைவியை “முன்னாள் திருமதி ட்ரூலவ்” என்றுதான் குறிப்பிடுவார்.

ஆக மூன்றாவது இடம் நான்கு பேரைப் பார்த்துவிட்டது. காரணம், கிளார்க் அந்த இடத்தை ஒரு வேலையாக எழுதினார். அந்த வேலைக்கு ஆள் எடுக்க முடிந்தது. இதற்கு நேர் எதிரான நிலைமை காம்ப்போவுடையது. அது வேலை இல்லை, ஒரு மனிதர்.

1999இல், பிரான்சில் எடுக்கப்பட்ட புத்தாயிரம் ஆண்டுச் சிறப்பு எபிசோடின் படப்பிடிப்பில் பில் ஓவன் நோய்வாய்ப்பட்டார். கணையப் புற்றுநோய். வலியோடு நடித்துக் கொடுத்துவிட்டு ஜூலை 12ஆம் தேதி இறந்தார், வயது 85. இந்தத் தடவை கிளார்க் கடிதம் எழுதவில்லை, தபால் அலுவலகப் பெண்மணியைத் தேடவில்லை. காம்ப்போவையும் சாகவிட்டார். 2000ஆம் ஆண்டு சீசனில் மூன்று எபிசோடுகள் அதற்கே. கால் நூற்றாண்டாகச் சுருங்கிய காலுறையில் நோராவைப் பார்த்தவர், ஒரு நாள் அவரைக் கருப்பு டைட்ஸில் பார்த்துவிடுகிறார். இதயம் தாங்கவில்லை. சிரித்த முகத்தோடு போகிறார். அடுத்த எபிசோடில், வாரம் ஒரு நாள் காம்ப்போ யாருக்கும் தெரியாமல் பார்த்துவந்த ஒரு சிநேகிதி இருந்தார் என்று தெரியவருகிறது. ஊரே வாயைப் பிளக்கிறது. மூன்றாவது எபிசோடு சவ அடக்கம். நகைச்சுவைத் தொடரில் சாவைக் கையாள்வது எப்படி என்று யாராவது கேட்டால் இந்த மூன்றையும்தான் காட்டுவேன். குறிப்பாக நோராவாக நடித்த கேத்தி ஸ்டாஃப். இருபத்தேழு ஆண்டு துரத்தியடித்த ஆளுக்காக அழவும் முடியாமல், அழாமல் இருக்கவும் முடியாமல், அந்தக் கண்டிப்பான முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு காம்ப்போவின் இடத்தை நிரப்ப முயன்றார்கள். பில் ஓவனின் நிஜ மகன் டாம் ஓவனையே காம்ப்போவின் மகனாகக் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது, நடைமுறையில் சரிப்படவில்லை. மூவர் கூட்டணியில் அவர் பொருந்தவில்லை என்பதைக் கிளார்க் சீக்கிரமே புரிந்துகொண்டு அவரை வேறு பக்கம் நகர்த்திவிட்டார். பிறகு ராபின் ஹூட்டின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் பில்லி ஹார்ட்காஸில், பிறகு நோராவின் பக்கத்து வீட்டுக்கு வந்த ஆல்வின். எல்லோரும் நல்ல நடிகர்கள். ஆனால் அழுக்கு, ஆசை, குழந்தைத்தனம் மூன்றையும் ஒரே உடம்பில் வைத்திருந்த ஆள் திரும்பக் கிடைக்கவில்லை. என் கணக்கில் தொடர் 2000 வசந்தத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகளை ஊர்ப்பாசத்தில் பார்க்கலாம்.

கடைசி இரண்டு சீசன்களில் இன்னொரு கூத்து. சாலிஸுக்கும் தார்ன்டனுக்கும் எண்பத்தேழு எண்பத்தெட்டு வயது. அவர்களை வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போகக் காப்பீட்டுச் செலவு கட்டுபடியாகவில்லை. அதனால் உள்ளரங்கக் காட்சிகளில் மட்டும் வந்தார்கள். ஊர் சுற்ற வேறு மூன்று பேர் வந்தார்கள்: ஆல்வின், எலெக்ட்ரீஷியன் என்ட்விஸில் (‘பிங்க் பாந்தர்’ படங்களில் கேட்டோவாக வந்த பர்ட் க்வோக்), ஹாபோ (ரஸ் அபட்). இந்த ஹாபோ யார் தெரியுமா? பால்காரராக இருந்துவிட்டு, தான் பழைய உளவாளி என்று பில்டப் கொடுப்பவர். பெயர்ப்பலகை எழுதியவர் போர்வீரனாகத் திரிந்த அதே சூத்திரம். எண்பது வயதுக் கிளார்க் கடைசியில் ஃபாகியிடமே திரும்பிப் போயிருக்கிறார். மூன்றாவது இடத்துக்கு வந்த நால்வரில் யார் அச்சு அசலாகப் பொருந்தினார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்ற பிரிட்டிஷ் தொடர்களில் இப்படி நடக்கவில்லையா என்றால், நிறைய நடந்திருக்கிறது. ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ தொடரின் தாத்தா லெனர்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் இறந்தார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் ஈமச்சடங்கையே எபிசோடாக எழுதி, அதிலேயே ஆல்பர்ட் மாமாவைக் கொண்டுவந்தார். ‘மென் பிஹேவிங் பேட்லி’யில் ஹாரி என்ஃபீல்ட் முதல் சீசனோடு விலக, அந்த இடத்துக்கு நீல் மொரிஸி வந்தபிறகுதான் தொடரே பெரிதாக எடுபட்டது. இவை ஒவ்வொன்றையும் எழுதியதும் ஒரு ஆள்தான் என்பதைக் கவனியுங்கள்.

எங்கிருந்து பார்க்கலாம் என்று கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இனி வரிசை மாற்றிப் பார்க்காதீர்கள். முதல் சீசனில் இரண்டு மூன்று எபிசோடு பார்த்து ப்ளாமைரோடு பழகிக்கொள்ளுங்கள். அடுத்து ‘த மேன் ஃப்ரம் ஆஸ்வெஸ்ட்ரி’யிலிருந்து 1983 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘கெட்டிங் சாம் ஹோம்’ வரை விடாமல் பாருங்கள். அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் மூவரும் உச்சத்தில் இருப்பது. அதில் காபிக் கடைக்காரர் சிட்டின் குரல் சற்று விலகிக் கேட்கும்; நடிகர் ஜான் கோமருக்குத் தொண்டைப் புற்றுநோய், வேறொருவர் டப்பிங் கொடுத்தார். பிறகு ‘அங்கிள் ஆஃப் த ப்ரைட்’, அதற்குப் பிறகு ‘ரிட்டர்ன் ஆஃப் த வாரியர்’, கடைசியாக 2000ஆம் ஆண்டின் அந்த மூன்று. யார்க்‌ஷயர் உச்சரிப்பு முதலில் காதில் ஏறாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.